விருந்தாளிக்குப் பட்டு

தொண்ணூறுகளில் என் வேலை வேனில் பேசுவது. சாந்தோம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொள்வோம். அடையாறு பாலம் தாண்டி ஊரூர் குப்பத்துக்குள் வண்டி நுழைவதற்குள், அங்கே என்ன இருக்கும், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட வேண்டும். நெரிசல் எனக்கு உதவி. அடையாறு சிக்னலில் வண்டி நின்றால் இன்னும் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்வேன்.

குப்பத்தில் கன்னியாஸ்திரிகள் ஒரு மிஷன் நடத்தினார்கள். ஒரு சின்ன மருந்தகம், தையல் வகுப்பு, மீன் விற்கப் போகிற பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம், அவ்வளவுதான். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பணம் கொடுத்தவர்கள், அவர்கள் ஊரில் குளிர் தாங்காத மாதங்களில் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும் குடியுங்கள் என்பேன். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். போட்டோ எடுக்குமுன் கேளுங்கள். கேட்டால் சரி என்பார்கள், ஆனால் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வருவார்கள், அதுவரை பொறுங்கள். மீன் வாடை அடிக்கும். மூக்கைப் பொத்துவதென்றால் வேனிலேயே பொத்தி முடித்துவிட்டு இறங்குங்கள், ஏனென்றால் நான் பி.ஏ. படித்தது அந்த வாடையில்தான். கடைசியாகச் சொல்வதை மட்டும் நான் சிரிக்காமல் சொல்வேன்.

ஒரு வருஷத்திலிருந்து இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன். "உங்களைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரவேற்பார்கள். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்." இது முதல் வரியானது என் அக்காவால்.

நான் அந்தக் குப்பத்துக்காரிதான். அம்மா மீன் கூடை தூக்கினாள், அம்மாவுக்குப் பிறகு அக்கா தூக்கினாள். அத்தான் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அக்கா ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு வராமல் இல்லை. அம்மா மீன் விற்கப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கைக்குழந்தை நான். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று வாய்ப்பாடு கேட்டிருக்கிறாள். பிறகு நான் சிஸ்டர்கள் தயவில் கான்வென்ட், கல்லூரி என்று போனேன். அக்கா இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசாததால்தான் எனக்கு இன்னும் நெஞ்சு வலிக்கிறது.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெண் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். பையன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். அரசாங்க பால்வாடி பத்து மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் எங்கள் பெண்கள் ஏலம் எடுத்துப் பாதி மீனை விற்றிருப்பார்கள். சிஸ்டர்கள் நடத்திய காப்பகம் விடியற்காலையிலேயே திறந்துவிடும். அதனால்தான் அக்கா பையனை அங்கே விட்டுவிட்டுக் கூடை தூக்க முடிந்தது, பெண் பள்ளிக்கூடம் போக முடிந்தது.

அந்த வருஷம் ஜனவரியில் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். காப்பகத்துக்குப் பணம் கொடுக்கும் இடத்திலிருந்து ஒருவர் வருகிறார், அவர் பார்த்துவிட்டுச் சொல்வதைப் பொறுத்துத்தான் இனிமேல் பணம் வரும் என்றார். வழக்கம்போல் பிள்ளைகள் பாட்டுப் பாடி மாலை போட்டு அனுப்பிவிட முடியாது. தாய்மார்களின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். முதலில் என் அக்கா வீடு என்று முடிவானது.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். அவள் அருவாமனையில் உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு வாணாம்னா சிஸ்டருங்க பால்வாடிய மூடிடுவாங்களா?"

"மூடிடுவாங்கக்கா."

"மூடுனா பொண்ண நிறுத்திட வேண்டியதுதான். வேற இன்னா வழி கீது?" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். தன்னை ஒருவர் அப்படி நிறுத்தியதை நினைத்துச் சொன்னாளா, நினைக்காமலே சொன்னாளா தெரியவில்லை. இது இன்னொரு தடவை இந்த வீட்டில் நடக்காது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எங்கள் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டுதான் எதிரே நிற்போம். நம்மிடம் இல்லாவிட்டால் தெருவில் இருக்கும். முனை வீட்டு அம்மாவிடம் ஒரு கவரிங் செயின் உண்டு. பெண் பார்க்க வந்தாலும், காது குத்தினாலும், அது அந்தந்த வீட்டுக் கழுத்தில் இருக்கும். சைக்கிள் கடைக்காரரின் நீல பிளாஸ்டிக் சேர் பின் சந்து வழியாக வீடு வீடாகப் போகும். யாரும் இதை இரவல் என்று சொல்வதில்லை. "எட்தாந்தேன்" என்பார்கள், அவ்வளவுதான். வந்தவரும் அது யாருடைய சேர் என்று கேட்க மாட்டார், ஏனென்றால் அவர் வீட்டுக்கு நாம் போகும்போதும் அதே சேர்தான் வரும்.

பெரிய இடத்து ஆள் வருகிறார், பிள்ளைகள் விஷயமாக முடிவு சொல்லப்போகிறார் என்றதும் தெருவே அக்கா வீட்டில் இறங்கிவிட்டது. செயின் வந்தது. சேர் வந்தது. டீக்கடையிலிருந்து கறுப்பு வெள்ளை டி.வி. பெட்டியே வந்து, பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. அக்கா கல்யாணப் பட்டைக் கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். வஞ்சிரம் வறுத்திருந்தாள். தனக்கென்று அவள் வஞ்சிரம் எடுத்து நான் பார்த்ததே கிடையாது. நான் வந்தவரோடு வாசலில் வந்து நின்றபோது எனக்கே பெருமையாக இருந்தது. என் அக்கா அவ்வளவு அழகு.

வந்தவர் உயரமான மனிதர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், நல்ல மாதிரி. குனிந்து உள்ளே வந்து நீல சேரில் உட்கார்ந்தார். கலர் சோடா குடித்தார். மீனை ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே செயினைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "மீன் பிரமாதம். இவர்கள் நன்றாக இருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. உண்மையில் தேவை இருக்கிற இடம் வேறு எங்கோ இருக்கிறது போலிருக்கிறது."

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அக்கா ஆசையாக என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி சொல்றாரு?"

"மீன் சூப்பரா கீதாம்."

"இன்னொரு துண்டு வை," என்றாள் மகளிடம். அந்தப் பெண் பாவாடை தாவணி மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு, அன்றைக்கு லீவு போட்டு, தட்டோடு வந்து நின்றது.

வேனில் திரும்பும்போது சொல்லிவிட்டேன். அது தங்கம் இல்லை, பித்தளை. அதுவும் அவளுடையது இல்லை. டி.வி. டீக்கடையுடையது. நீங்கள் விருந்தாளி என்பதால் இதெல்லாம் வந்தது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மிஷனில் சம்பளம் வாங்குகிற பெண், அதுவும் சொந்த அக்காவுக்காக, வேறு எப்படிப் பேசுவாள் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. அடையாறு பாலம் வரும்வரை பேசினேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன். இவருக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

சிஸ்டருக்கு விஷயம் தெரிந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. வேறு ஊர்களில் இப்படி மூடிய காப்பகங்களைப் பார்த்தவர்.

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கார். வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்மா. பூ வேண்டாம், பட்டு வேண்டாம். கிழிஞ்ச சேலை இருந்தா அதைக் கட்டிக்கிடச் சொல்லு. பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவ வேண்டாம்."

"சொல்ல மாட்டேன் சிஸ்டர்."

"நடிக்கவா சொல்றேன்? எப்பவும் இருக்கிற மாதிரி இருக்கச் சொல்றேன்."

"வீட்டுக்கு ஆள் வந்தா இப்படித்தான் சிஸ்டர் எப்பவும் இருப்போம். கந்தலோட எதிர்ல நிக்கிறதுதான் எங்களுக்கு நடிப்பு."

"உங்க மானம் முக்கியமா, அந்தப் பொண்ணு படிப்பு முக்கியமா?"

"ரெண்டும் வேணும்," என்றேன்.

சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு படிக்க வைத்தது இப்படி எதிர்த்துப் பேசத்தானா என்று நினைத்திருப்பார். நினைத்தால் நினைக்கட்டும் என்று நின்றேன். ரெண்டும் வேணும் என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா வீட்டில் எல்லாம் கலைந்துகொண்டிருந்தது. டி.வி.யை இருவர் தூக்கிப் போனார்கள். அக்கா பழைய நைலக்ஸ் புடவைக்கு மாறி, மறுநாள் ஏலத்துக்காகக் கூடையை அலம்பிக்கொண்டிருந்தாள். புடவையில் செதில் ஒட்டியிருந்தது. எதிரில் மெயின் ரோட்டுப் பங்களாக்காரர்கள் காற்று வாங்கப் போனார்கள், காலேஜ் பிள்ளைகள் போனார்கள். அவள் யாரையும் சட்டை பண்ணவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. வீட்டு வாசலுக்குள் ஒருவர் வந்துவிட்டால்தான் எங்களுக்குப் பட்டு. வேலை செய்கிற இடத்தில் எங்களை யார் எந்தக் கோலத்தில் பார்த்தாலும் வெட்கமே கிடையாது. அங்கே யாரும் விருந்தாளி இல்லை. அந்த மனிதரை நான் தப்பான வாசலுக்குக் கூட்டிப்போயிருந்தேன்.

"யக்கா, நாளைக்கி காலைல அந்தாள ஏலத்துக்கு இட்டுக்கினு வரட்டா?"

"கடக்கர இன்னா என் வூடா? யாரு வோணா வரட்டும்." கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். "ஆனா நின்னு பேசிக்கினு இருக்க மாட்டேன், சொல்ட்டேன். எனக்கு வேல கீது."

"பேச வாணாம்."

"அப்ப வரட்டும்."

மறுநாள் கருக்கலில் விடுதிக் கதவைத் தட்டி அவரை எழுப்பினேன். இவ்வளவு காலையிலா என்றார். எங்களுக்கு இது காலை இல்லை, தாமதம் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன், அவர் மறுபேச்சில்லாமல் வண்டியில் ஏறினார்.

முதலில் காப்பகத்துக்கு எதிரே, தெருவிளக்கின் கீழ் நின்றோம். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் தோளில் தொங்கின. ஆயா வாங்கி வாங்கி உள்ளே படுக்க வைத்தாள். அக்கா வந்தாள். புடவையை முழங்கால்வரை ஏற்றிச் செருகி, மேலே அத்தானின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். பையன் அவள் சட்டைக் காலரை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதான். விரல்களைப் பிரித்து எடுத்து, ஆயாவிடம் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் மணலில் இறங்கினாள். திரும்பிப் பார்த்தால் அழுகை கூடும் என்று எல்லாத் தாய்க்கும் தெரியும். பின்னாலேயே நாங்களும் இறங்கினோம்.

கட்டுமரங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. வலையிலிருந்து மீனைக் கழற்றிக் குவித்ததும் ஏலம் ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் நின்று பழகாதவர்களுக்குச் சண்டை என்றுதான் தோன்றும். ஸ்கூட்டரில் வந்த வியாபாரிகள் பெரிய மீனையெல்லாம் ஏற்றிவிட்டார்கள். அக்கா சங்கராவுக்குக் கேட்டாள், கிடைக்கவில்லை. மறுபடி கேட்டாள், அதுவும் போயிற்று. கடைசியில் ஒரு குவியல் நெத்திலியை வாங்கினாள். மண்ணை அலசி, கூடையில் போட்டு, சும்மாட்டை வைத்து, பக்கத்துப் பெண் ஒரு கை கொடுக்க, தலையில் ஏற்றிக்கொண்டாள். கூடையிலிருந்து மீன் தண்ணீர் நெற்றி வழியாகக் கழுத்துக்கு இறங்கியது. அவள் நேராக எங்களை நோக்கித்தான் வந்தாள், ஏனென்றால் அவர் நின்றது வழியில்.

அவர் நான் சொல்லிக்கொடுத்தபடி கைகூப்பி வணக்கம் என்றார்.

"நைனா, ஓரமா நில்லு," என்றாள் அக்கா. அவர் விலகினார். அவள் போய்விட்டாள்.

"இங்கே இருக்கிற பெண்களிலேயே இவர்கள்தான் மிகவும் கஷ்டப்படுகிறவர்களா?" என்று கேட்டார். "இப்போது போன அந்தப் பெண் யார்?"

"நேற்று நீங்கள் யார் வீட்டில் மீன் சாப்பிட்டீர்களோ, அவள்தான்."

அவர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அக்கா சாலைக்கு ஏறிவிட்டாள். முதுகும் கூடையும் மட்டும் தெரிந்தன. "நேற்று நீ சொன்னாய்," என்றார் பிறகு.

"சொன்னேன்."

"அப்படியானால் அந்தப் பட்டு?"

"அது அவளுடையதுதான். அது ஒன்றுதான் அவளுடையது. உங்களுக்காகக் கட்டினாள்."

அதற்குமேல் நான் எதுவும் விளக்கவில்லை. காப்பகம் மூடினால் நேற்றுத் தட்டு எடுத்து வந்த பெண் என்ன ஆவாள் என்பதை மட்டும் சொன்னேன். என் கதையையும் ஒரு வரியில் சொன்னேன். அழாமல் சொன்னேன் என்பது எனக்கே ஆச்சரியம். அவர், காப்பகம் தொடர வேண்டும் என்று எழுதுகிறேன், அது என் பொறுப்பு என்றார். பிறகு, இதை உன் அக்காவிடம் நானே போய்ச் சொல்லலாமா என்று கேட்டார்.

"வீட்டுக்கென்றால் வீட்டுக்குப் போகிற மாதிரி போக வேண்டும்," என்றேன். குளித்துவிட்டு, மணல் ஒட்டாத காலோடு வாருங்கள் என்கிற அர்த்தத்தில்தான் சொன்னேன்.

மத்தியானம் விடுதி வாசலில் அவர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். சென்னை வெயிலில் கல்யாண மாப்பிள்ளை கூடப் போட்டோ எடுத்ததும் கோட்டைக் கழற்றிவிடுவார். வேனில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டே, இது சரிதானே என்று இரண்டு தரம் கேட்டார். ரொம்பச் சரி என்றேன்.

முன்கூட்டிச் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. அக்கா அப்போதுதான் மீன் விற்றுவிட்டுத் திரும்பியிருந்தாள். காப்பகத்திலிருந்து பையனைக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தவள், சந்து முனையில் கோட்டைப் பார்த்தாள். சொம்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நிக்கச் சொல்லுடி!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "செயின் வாங்கியா!"

என்ன என்று அவர் கேட்டார். கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்றேன். காத்திருக்கிறேன் என்றார். நான் முனை வீட்டுக்கு ஓடி செயினைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். தெரு சுறுசுறுப்பானது. பின் சந்து வழியாகச் சுற்றிவர நேரமில்லாததால், நீல சேர் முன்பக்கமாகவே, சைக்கிள் கடைக்காரரின் தலைக்குமேல், வந்தவரை உரசிக்கொண்டு போயிற்று. அது எந்த சேர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் அவர் முகத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். இவர் இப்போது சிரித்தாலோ, பரிதாபப்பட்டாலோ, கேமராவைத் தொட்டாலோ, காப்பகம் போனாலும் பரவாயில்லை என்று வாயில் வருவதைச் சொல்லிவிடுவது என்றிருந்தேன்.

அவர் மெல்லத் திரும்பி, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றார். அந்த வெயிலில், அந்தக் கோட்டில், கடைசிச் சாமான் உள்ளே போய்ச் சேரும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கதவு திறந்தது. அக்கா கல்யாணப் பட்டில் நின்றாள். மல்லிகைக்கு நேரமில்லை. அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கைகூப்பினார். அவளும் கூப்பினாள். மேலும் கீழும் அவரைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையசைத்து உள்ளே கூப்பிட்டாள். அவர் விஷயத்தைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அக்கா முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். பிறகு, வந்தவருக்குக் குடிக்க ஒன்றும் கொடுக்கவில்லையே என்று என்னை முறைத்தாள்.

நான் கலரை டம்ளரில் ஊற்றி எடுத்துவந்தேன். அவர் வாங்கிக்கொண்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, நேற்று மீன் கொடுத்த பெண் எங்கே என்று கேட்டார். நான் தமிழில் சொல்வதற்குள் அக்காவே புரிந்துகொண்டாள்.

"இஸ்கூல்ல கீது," என்றாள்.